காட்ஸ்டோவில் தண்ணீர் வடிகிற வரை

பிப்ரவரி 11, ஞாயிறு

ஆக்ஸ்ஃபோர்டின் போர்ட் மெடோ புல்வெளி முழுக்கத் தண்ணீர். குதிரைகள் மேய்கிற இடத்தில் கடற்பறவைகள் மிதக்கின்றன. நாங்கள் வழக்கமாக நடக்கும் தேம்ஸ் கரைப் பாதை எங்கே போயிற்று என்றே தெரியவில்லை, அதனால் உல்வர்கோட் வழியாகச் சாலையிலேயே காட்ஸ்டோவின் ட்ரவுட் பப்புக்குப் போனேன். அங்கே தனியாகப் போனது இதுதான் முதல் தடவை. "நீ போய்ப் பார்த்துட்டு வா, தண்ணி எதுவரைக்கும் ஏறியிருக்கு, பியர் பம்புல என்ன போட்டிருக்காங்க, ரெண்டையும் சொல்லு" என்று அனுப்பியதே வீட்டில் படுத்திருக்கும் என் வீட்டுக்காரர்தான். ஒரு ஹாஃப் பைண்ட் ஏல் வாங்கினேன். அந்தப் பெண் கைப்பம்பின் பிடியை நிதானமாக இழுக்க இழுக்க, டம்ளரில் முதலில் பால் ஊற்றிய டீ போலக் கலங்கலாக விழுந்தது, அப்புறம் அடியிலிருந்து மெல்ல மெல்லத் தெளிந்து தேன் நிறத்துக்கு வந்தது. இத்தனை வருடம் அவர் எதிரே உட்கார்ந்து லெமனேட் குடித்திருக்கிறேன், இதை ஒருநாளும் பார்த்ததில்லை. அதிலும் பாதிதான் உள்ளே போயிற்று.

பிப்ரவரி 12

கீமோவில் அவர் நாக்குக்கு ரசம்கூட இரும்பாக இருக்கிறதாம். ஸ்டீல் கரண்டி எல்லாவற்றையும் எடுத்து உள்ளே வைத்துவிட்டு மரக்கரண்டி போட்டேன்.

பிப்ரவரி 16, வெள்ளி

0.6. கிருமியை எதிர்க்கிற வெள்ளை அணுக்களின் எண்.

வேறு எதுவும் அவர் கேட்பதில்லை. காட்ஸ்டோவில் ஆற்றோரமாக உட்கார்ந்து ஒரு வாய் ஏல், அவ்வளவுதான். ஆனால் காஸ்க் ஏல் உயிரோடு இருக்கிற பானம். மற்ற பியரை வடிகட்டி, பெரும்பாலும் சூடாக்கி, வாயு ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். இதில் ஈஸ்ட் பீப்பாய்க்குள்ளேயே இருந்துகொண்டு பப்பின் நிலவறைக்கு வந்த பிறகும் நொதிக்கிறது. அதனால்தான் 12 டிகிரி போல வைக்க வேண்டும், திறந்தால் மூன்று நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் புளித்துப்போகும், நம் வீட்டு இட்லி மாவுக்கு இருக்கிற அதே அவசரம். 1971-ல் காம்ரா என்று சங்கம் வைத்து இந்த ஊர்க்காரர்கள் மல்லுக்கட்டிக் காப்பாற்றியது அந்த உயிரைத்தான் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பார். இப்போது எனக்குப் பயமே அந்த உயிர்தான். இரத்தத்தில் எதிர்த்து நிற்க ஆள் இல்லாத நேரத்தில் அது உள்ளே போனால்? நர்ஸிடம் கேட்டேன். எண் ஏறட்டும், அதுவரை வேண்டாம் என்றார். இவரிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. "ஃபிரிட்ஜ்ல ஹூக் நார்ட்டன் பியர் பாட்டில் இருக்கே" என்று மட்டும் சொன்னேன். சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பிப்ரவரி 20

ஆற்றில் படகுகள் ஏறி இறங்கும் மதகான லாக்கில் மஞ்சள் எச்சரிக்கைப் பலகை. நீரோட்டம் குறைகிறதாம். போன வாரம் வரை சிவப்பு.

பிப்ரவரி 25, ஞாயிறு

ட்ரவுட்டில் மாட்டிறைச்சிப் பை (pie), சிப்ஸ், பட்டாணி. பையின் மேல்மூடியைக் கரண்டியால் உடைத்ததும் ஆவியோடு ஏல் வாசனை வந்தது, மாட்டிறைச்சியை அதிலேயே வேகவைத்திருக்கிறார்கள். நன்றாகச் சாப்பிட்டேன். வீட்டில் அவர் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார் என்பது பாதித் தட்டு காலியான பிறகுதான் நினைவுக்கு வந்தது. அப்படி ஒரு பசி இருந்திருக்கிறது எனக்கு.

வெளியே வந்து போன் போட்டேன். எதிர்க்கரையில் கன்னிமாடத்தின் இடிந்த சுவர்கள். மன்னர் இரண்டாம் ஹென்றியின் காதலி ரோசமண்டை அங்கே பீடத்துக்கு முன்னால் புதைத்தார்கள், 1191-ல் ஒரு பிஷப் வந்து இவளைக் கோயிலுக்குள் வைக்கக் கூடாது என்று வெளியே எடுக்கச் சொன்னார். அங்கே போகும்போதெல்லாம் இந்தக் கதையைச் சொல்வார், நான் "தெரியும், தெரியும்" என்பேன். இன்று நான் அவருக்குச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "தடுப்பணை சத்தம் கேட்குதா அங்க?" என்றார். போனை ஆற்றுப் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். கை விறைத்துவிட்டது. காதில் வைத்தபோது அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

மார்ச் 1

எரிச்சல். பம்பில் என்ன, பம்பில் என்ன, பம்பில் என்ன. எனக்கு என்ன தெரியும்? கத்திவிட்டேன்.

மார்ச் 5, செவ்வாய்

விடிகாலை 3.40. காய்ச்சல் 38.2. ஆஸ்பத்திரிக்கான துணிப்பையை முன்னாலேயே எடுத்து வைத்தது நல்லதாய்ப் போயிற்று. டாக்ஸியில் ஒரு வார்த்தை பேசவில்லை, என் கையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தார், கொதித்தது.

மார்ச் 8

வீட்டுக்கு வந்துவிட்டார்.

மார்ச் 10, ஞாயிறு

இங்கே இன்று அன்னையர் ஞாயிறு. பப்பில் கால் வைக்க இடமில்லை, தட்டுத் தட்டாக ரோஸ்ட், யார்க்‌ஷயர் புட்டிங், அம்மாக்களுக்குப் பூங்கொத்து. உள்ளே போகாமல் பாலத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். பாதை வெளியே தெரிய ஆரம்பித்திருக்கிறது, ஆனால் சேறு. அவரால் அதில் நடக்க முடியாது. டாக்ஸி பாலம் வரை வரும். பாலத்திலிருந்து எத்தனை எட்டு என்று எண்ணிப் பார்த்தேன், 64.

மார்ச் 15, வெள்ளி

1.9! கொஞ்சம் குடிக்கலாம், கொஞ்சம்தான் என்றார் நர்ஸ். ஈஸ்டைப் பற்றி மறுபடியும் கேட்டேன், இந்த எண்ணுக்குப் பரவாயில்லை என்றார். மூன்றாவது தடவையும் கேட்டேன்.

மார்ச் 17, ஞாயிறு

64 எட்டு அவருக்கு 90 ஆயிற்று. கூட்டம் வேண்டாம் என்று வெளியே, ஆற்றோர மேசை. இரண்டு கம்பளிச் சால்வை, குல்லா. கவுண்டரில் ஆர்டர் கொடுக்க நான்தான் போனேன். ஒரு ஹாஃப். திரும்பி வரும்போது தளும்பிவிடுமோ என்று டம்ளரையே பார்த்துக்கொண்டு வந்தேன், நிமிர்ந்தால் அவரும் டம்ளரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

முதலில் மோந்து பார்த்தார். அப்புறம் ஒரு வாய். விழுங்காமல் கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் வைத்திருந்தார். இரும்பு என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

"கசக்குது" என்றார்.

"இரும்பா?"

"இல்லம்மா. கசப்பு. ஹாப்ஸ் பூவோட கசப்பு."

மீசையில் ஒட்டியிருந்த நுரையை அவரும் துடைக்கவில்லை, நானும் துடைக்கவில்லை. நாலு வாய் குடித்தார். மிச்சத்தை நான் குடித்தேன், முழுசாக.

மார்ச் 19

வியாழக்கிழமை ஸ்கேன். ராத்திரி முழுக்க மழை, லாக்கில் பலகையை மாற்றிவிட்டார்களா என்று காலையில் போய்ப் பார்க்க வேண்டும்.