ஆபீஸில் 35 உபுண்டு மெஷின்களுக்கு அப்டேட் போட்ட அனுபவம்

எங்கள் ஆபீஸில் 35 கம்ப்யூட்டர், எல்லாவற்றிலும் உபுண்டு என்ற லினக்ஸ்தான். நான் பொறுப்புக்கு வந்த புதிதில், காலையில் எல்லாரும் வந்து மெஷினை ஆன் செய்தால் அடுத்த ஒரு மணி நேரத்துக்கு நெட் ஊர்ந்துதான் போகும். ரௌட்டரை மாற்றிக்கூடப் பார்த்தோம், பயனில்லை.

அப்புறம்தான் பிடிபட்டது. உபுண்டுவில் பாதுகாப்பு அப்டேட்கள் தானாகவே இறங்கும், அதற்கான டைமர் காலை 6 மணிக்கு வைக்கப்பட்டிருக்கும், அந்த நேரத்தில் மெஷின் அணைந்திருந்தால் விட்டுப்போன வேலையை ஆன் செய்த சற்று நேரத்தில் தொடங்கிவிடும். ராத்திரி எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போகிற ஆபீஸில் என்ன ஆகும்? 35 மெஷினும் அதே பேக்கேஜ்களை, அதாவது சாஃப்ட்வேர் கட்டுகளை, தனித்தனியாக இறக்கும். ஒன்றுக்கு 300 எம்பி என்றாலே மொத்தம் பத்து ஜிபியைத் தாண்டிவிடும்.

இதற்கு, இறக்கிய பேக்கேஜ்களைச் சேமித்து வைக்கும் ஆப்ட்-கேச்சர்-என்ஜி போட்டேன். சர்வரில் 3142 போர்ட்டில் ஓடும். ஒவ்வொரு மெஷினிலும் பேக்கேஜ்களை இறக்கும் கருவியான ஆப்ட்டின் கான்ஃபிக்கில் ப்ராக்ஸி (இந்த சர்வர் வழியாகப் போ) என்று ஒரு வரி சேர்த்தால் போதும், முதல் மெஷின் இறக்கியதை மற்றவை சர்வரிலிருந்தே எடுத்துக்கொள்ளும். அன்றைக்கே வித்தியாசம் தெரிந்தது. ஆனால் வெளி நிறுவனங்களின் ரெப்போ (பேக்கேஜ் கிடங்கு) சில எச்டிடிபிஎஸ்ஸில் இருந்தன, அவையெல்லாம் 403 (அனுமதி இல்லை) என்று திரும்பி வந்தன. கேச்சர் கான்ஃபிக்கில் பாஸ்த்ரூ அனுமதி கொடுத்த பிறகு சரியானது (அவை கேச் ஆகாது, நேராகத்தான் போகும்).

உண்மையிலேயே வயிற்றைக் கலக்கியது வேறு. ஒரு நாள் சாயங்காலம் எல்லா மெஷினுக்கும் ஒரே ஸ்கிரிப்டில் அப்கிரேடைத் தட்டிவிட்டேன். பாதியில் அக்கவுண்ட்ஸில் ஒருவர் வழக்கம்போல தன் மெஷினின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். நான் சொல்லி வைக்காதது என் தப்பு. மறுநாள் அந்த மெஷினில் எதுவுமே இன்ஸ்டால் ஆகவில்லை, பேக்கேஜை இன்ஸ்டால் செய்யும் டிபிகேஜி பாதியில் நின்றுவிட்டது என்ற செய்தி மட்டும். பாதியில் நின்றவற்றை முடித்துவைக்கும் 'டிபிகேஜி கான்ஃபிகர் ஆல்' ஓட்டினேன். ஒவ்வொரு பேக்கேஜாக 'செட்டிங் அப்' என்று வந்துகொண்டே இருந்தது, நடுவில் ஒரு கான்ஃபிக் ஃபைலைக் காட்டி, பழையதை வைக்கட்டுமா புதியதைப் போடட்டுமா என்று கேட்டு நின்றது. நாம் கைவைத்த ஃபைல் என்றால் பழையதையே வைத்துக்கொள்ளுங்கள். பிரின்டர் செட்டிங் எல்லாம் அதனால்தான் தப்பித்தது. அதே கேள்வியில் மாட்டி இன்னும் 4 மெஷின் ராத்திரி முழுக்க பதிலுக்குக் காத்து நின்றிருந்தன.

இப்போது எல்லா மெஷினுக்கும் ஒரே இடத்திலிருந்து வேலை கொடுக்கும் அன்சிபிள்தான். பழைய ஃபைலை வைத்துக்கொள் என்பதை அதுவே டிபிகேஜிக்குச் சொல்லிவிடுகிறது. திங்கட்கிழமை 3 மெஷின், பிரிவுக்கு ஒன்றாக. இரண்டு நாள் யாரும் புகார் சொல்லவில்லை என்றால் மீதியை ஐந்தைந்தாகப் போடுகிறேன். கெர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி) மாறியிருந்தால் ரீபூட் செய்யும்வரை பழைய கெர்னல்தான் ஓடும், அதனால் ரீபூட் வேண்டும் என்று காட்டும் ரீபூட்-ரிக்வயர்டு ஃபைல் எந்தெந்த மெஷினில் இருக்கிறது என்று கடைசியில் ஒரு பார்வை.

இன்னொன்று, ஹோல்ட், அதாவது ஒரு பேக்கேஜை அப்டேட் ஆகாமல் நிறுத்தி வைப்பது. ஒரு ரிப்போர்ட் சாஃப்ட்வேருக்காக ஜாவாவை ஹோல்டில் வைத்து அப்படியே மறந்துவிட்டேன். பல மாதம் கழித்து, ஹோல்டில் இருப்பவற்றைக் காட்டும் 'ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட்' அடித்தபோதுதான் 6 மெஷினில் ஜாவாவுக்கு ஒரு பாதுகாப்பு அப்டேட்கூடப் போகவில்லை என்று தெரிந்தது. இப்போது ஹோல்ட் போட்டால் தேதியையும் காரணத்தையும் ஒரு ஷீட்டில் எழுதிவிடுகிறேன், திங்கட்கிழமை முதல் வேலையே அந்த ஷீட்டைத் திறப்பதுதான்.