நாய் பொய் சொன்னதா?

நேற்று மாலை வண்டியூர் தெப்பக்குளத்துக் கல் சுவரில் உட்கார்ந்து, பத்தாம் வகுப்பு படிக்கும் அக்கா மகளின் ஆங்கிலக் கட்டுரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாய் மரத்தடியில் படுத்திருந்தது என்று எழுத நினைத்தவள், 'லைட்' (lied) என்று போட்டிருந்தாள். நாய் மரத்தடியில் பொய் சொன்னது என்றாகிவிட்டது! எங்கள் தெரு நாய்க்கு அந்தத் திறமையும் உண்டு, அது வேறு விஷயம்.

அவளைக் குறை சொல்ல முடியாது. பொய் சொல்வதும் 'லை' (lie), படுப்பதும் 'லை'. பொய்க்கு இறந்தகாலம் 'லைட்'. படுப்பதற்கு இறந்தகாலம் 'லே' (lay). 'ஹேவ்' சேர்ந்தால் 'லெய்ன்' (lain). ஒரு பொருளைக் கிடத்துவதும் 'லே'தான். அதற்கு இறந்தகாலம் 'லெய்ட்' (laid). ஒன்றுக்கு நேற்றாக இருப்பது இன்னொன்றுக்கு இன்று. இந்த மொழியை யார்தான் இப்படிக் கட்டினார்களோ!

"மாமா, எப்படித்தான் நினைவில் வைப்பது?"

"உருள், உருட்டு தெரியுமா?"

"தன்வினை, பிறவினை. தமிழ் ஐயா நடத்திவிட்டார்."

அதேதான் இது. எழு, எழுப்பு போலத்தான் 'ரைஸ்' (rise), 'ரெய்ஸ்' (raise). வைகையில் நீர்மட்டம் உயர்ந்தது என்றால் 'ரோஸ்'. கரையை உயர்த்தினார்கள் என்றால் 'ரெய்ஸ்ட்'. குழம்பினால் 'எதை?' என்று கேட்டுப் பார்க்கச் சொன்னேன். நாய் எதைப் படுத்தது? அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

'லைட்' என்பதை அடித்து 'லே' என்று எழுதினாள். வாங்கி வைத்த பருத்திப்பால் ஆறிக்கொண்டிருந்தது.

"கோழி நேற்று முட்டையிட்டது?" என்றேன்.

"எதை? முட்டையை. அப்படியானால் லெய்ட்" என்றாள், டம்ளரைக் கையில் எடுத்தபடியே.