மேலூரில் இருந்து திருநகர் கம்ப்யூட்டருக்குள் போன கதை

வீடு மதுரை திருநகரில், கடை மேலூரில். கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்யும் சின்ன டி.டி.பி. கடை. வேலை பாதி ராத்திரியில் வீட்டில்தான் நடக்கும். போன ஆவணியில் ஒருவர் காலையிலேயே வந்து, "தம்பி, தாய்மாமன் பேரு விட்டுப்போச்சு" என்றார். நம்ம பக்கம் அது சின்ன விஷயமா? ஃபைலோ வீட்டுக் கம்ப்யூட்டரில். மாட்டுத்தாவணி, பெரியார் என்று பஸ் மாறிப் போய் எடுத்து வருவதற்குள் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. கடையில் இருந்தபடியே வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் போக வேண்டும் என்ற பைத்தியம் அன்றைக்குப் பிடித்தது.

சும்மா கிடந்த ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரை வீட்டு ரவுட்டரில் மாட்டி, தூரத்திலிருந்து உள்ளே நுழைய எஸ்.எஸ்.எச். போட்டு, அதன் கதவான போர்ட் 22-ஐ ரவுட்டரில் திறந்துவிட்டேன். வெளியிலிருந்து உள்ளே போக முடியவில்லை. ரவுட்டரில் பார்த்தால் ஐ.பி. முகவரி 100.72 என்று தொடங்குகிறது. வெளியே தெரிவது வேறு முகவரி. 100.64 முதல் 100.127 வரை இருப்பவை நெட் நிறுவனங்கள் உள்ளுக்குள் பிரித்துக் கொடுக்கும் முகவரிகள். காம்பவுண்டு வீடு மாதிரிதான்: பத்துக் குடித்தனத்துக்கும் தெருவில் ஒரே கதவு எண். கூடுதலாகப் பணம் கட்டி, எனக்கென்று வெளியே தெரியும் நிலையான முகவரி வாங்கினேன்.

இப்போது உள்ளே போக முடிந்தது. நான் மட்டும் இல்லை. மறுநாள் காலை, யார் நுழையப் பார்த்தார்கள் என்று பதிவாகும் லாகைத் திறந்தால் பக்கம் பக்கமாக ஓடுகிறது: ரூட், அட்மின், உபுண்டு, பை என்று யார் யாரோ பெயரில் கடவுச்சொல் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். எல்லாம் தானாக ஓடும் நிரல்கள். என்மேல் தனிப்பகை ஒன்றும் கிடையாது. ஆனாலும் டீ ஆறிப்போகும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடவுச்சொல்லை நிறுத்திவிட்டு, சாவி எனப்படும் ரகசியக் கோப்பு இருந்தால் மட்டும் நுழையும்படி வைத்தாலே போதும்தான். எனக்கு மனசு கேட்கவில்லை, போர்ட்டையே மூடிவிட்டேன்.

அடுத்து வயர்கார்டு: இரண்டு கம்ப்யூட்டர்களுக்கு நடுவே நெட் வழியாகப் பூட்டிய சுரங்கம் போடும் வி.பி.என். நிரல். பையில் ஓடுவது லினக்ஸ்; 2020-ல் வந்த அதன் 5.6 பதிப்பிலேயே இதைச் சேர்த்துவிட்டார்கள், அதனால் நிறுவுவது சுலபம். ராஸ்பெர்ரி பையில் ஒரு சாவி ஜோடி, கடை லேப்டாப்பில் ஒரு சாவி ஜோடி; ஒவ்வொன்றிலும் ரகசியச் சாவி ஒன்று, பொதுச் சாவி ஒன்று. பொதுச் சாவியை மட்டும் பரிமாறிக்கொள்ள வேண்டும். ரவுட்டரில் அதற்கான யு.டி.பி. போர்ட் 51820 மட்டும் திறப்பு. இதில் எனக்குப் பிடித்தது, தெரியாதவன் தட்டினால் இது பதிலே சொல்லாது. அங்கே ஒரு கதவு இருப்பதே அவனுக்குத் தெரியாது. வீட்டு விண்டோஸ் கம்ப்யூட்டரின் ரிமோட் டெஸ்க்டாப்பை இந்தச் சுரங்கத்துக்குள் மட்டும் வைத்துக்கொண்டேன். ரிமோட் டெஸ்க்டாப்பின் போர்ட்டான 3389-ஐ நேரடியாக வெளியே திறந்து வைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

செல்போன் ஹாட்ஸ்பாட்டில் அருமையாக வேலை செய்தது. கடை வைஃபையில் செய்யவில்லை. சாவியை மாற்றினேன், ஃபயர்வாலைத் தோண்டினேன், இரண்டு நாள் போனது. கடைசியில் பார்த்தால் உள் முகவரிகள் வீட்டிலும் 192.168.1 என்று தொடங்குகின்றன, கடையிலும் 192.168.1. வீட்டுக் கம்ப்யூட்டரை லேப்டாப் கடைக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்திருக்கிறது! வீட்டை 192.168.77-க்கு மாற்றினேன். சரியாகிவிட்டது. பழைய 192.168.1 முகவரியையே நிலையாகக் கொடுத்து வைத்திருந்த வீட்டுப் பிரிண்டர் மட்டும் ஒரு வாரம் ஊமையாகக் கிடந்தது.

அப்புறம் ஒருநாள் கரண்டு போய் வந்தது. யு.பி.எஸ். தாங்கவில்லை. பை தானாக எழுந்துகொண்டது, பெரிய கம்ப்யூட்டர் எழவில்லை. அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, டேபிளுக்கு அடியில வட்டமா ஒரு பட்டன் இருக்கும், அதை அமுக்கு."

"பச்சையா எரியுதே, அதுவாப்பா?"

"அது இல்..."

அது யு.பி.எஸ். பட்டன். பையும் சேர்ந்து அணைந்தது. அன்றைக்கும் பஸ்தான். ராத்திரி முதல் வேலையாகக் கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸில் போய், கரண்டு வந்ததும் தானாக இயங்கும்படி மாற்றி வைத்தேன். யு.பி.எஸ்.ஸையும் அம்மா கைக்கு எட்டாமல் பின்பக்கம் தள்ளியாகிவிட்டது.