மாஸ்க்கைப் படுத்துப் பார்த்து வாங்குங்கள்

தூக்கத்தில் தொண்டை அடைபட்டு மூச்சு தடைபடுகிறவர்களுக்கு, மாஸ்க் வழியே காற்றை அழுத்தி ஊதித் தொண்டையைத் திறந்து வைப்பது சிபாப் மெஷின். அதை வாங்கி இரண்டே மாதத்தில் பரணில் ஏற்றிவிட்டவர்களிடம் காரணம் கேட்டால், பெரும்பாலும் மெஷினைக் குறை சொல்ல மாட்டார்கள். "அதை மூஞ்சில மாட்டிக்கிட்டுத் தூங்க முடியல" என்பார்கள். மெஷினுக்கு நாலு இடத்தில் விலை விசாரிக்கிறோம். மாஸ்க்கை மட்டும், டெக்னீஷியன் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பதை அப்படியே வாங்கிக்கொள்கிறோம். இரவு முழுக்க முகத்தில் இருக்கப்போவது மாஸ்க்தான். அதைத் தேர்ந்தெடுக்கக் குறைந்தது ஒரு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும்.

கடைக்குப் போகும் முன் ஸ்லீப் ஸ்டடி (தூக்கப் பரிசோதனை) ரிப்போர்ட்டில் ஒரு எண்ணைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்: உங்களுக்கு எழுதிக் கொடுத்த அழுத்தம். மெஷின்கள் பொதுவாக 4 முதல் 20 செ.மீ. நீரழுத்தம் வரை கொடுக்கும். 7-இல் பெரும்பாலான மாஸ்க்குகள் ஒழுங்காக உட்காரும். அதே மாஸ்க் 14-இல் விளிம்பெல்லாம் பிய்த்துக்கொண்டு ஊதலாம். அதனால் "எனக்கு இது நல்லா இருக்கு" என்று இன்னொருவர் சொன்னால், அவருடைய அழுத்தம் எவ்வளவு என்று கேட்ட பிறகே அதை எடுத்துக்கொள்ளலாம்.

மாஸ்க்கில் மூன்று வகை உண்டு. மூக்கை மட்டும் மூடுவது நேசல். மூக்குத் துவாரங்களின் வாயில் இரண்டு சிறு ரப்பர் குமிழ்களாக உட்காருவது நேசல் பில்லோ. மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுவது ஃபுல் ஃபேஸ். இப்போது மூக்கின் மேல் ஏறாமல், மூக்குக்கு அடியில் தொட்டில் போல் தாங்கும் வகைகளும் வந்துவிட்டன. ரெஸ்மெட்டின் என்30, ஃபிலிப்ஸின் ட்ரீம்வேர், ஃபிஷர் அண்ட் பேக்கலின் எவோரா ஆகியவை அப்படிப்பட்டவை. மூக்குத் தண்டில் புண் வருகிறவர்களும் கண்ணாடி போட்டுப் படித்துக்கொண்டே தூங்குகிறவர்களும் முதலில் இவற்றைத்தான் போட்டுப் பார்க்க வேண்டும்.

நம் ஊரில் பலருக்கு முதலில் கைக்கு வருவது ஃபுல் ஃபேஸ். வாயைத் திறந்து குறட்டை விடுகிறவருக்கு அதுதான் பாதுகாப்பு என்ற கணக்கு. என் கருத்தில் பலருக்கு அது தவறான தொடக்கம். அதன் விளிம்பு மூக்குத் தண்டிலிருந்து கன்னம் வழியாகத் தாடை வரை போகிறது. விளிம்பு நீள நீளக் காற்று கசியும் இடமும் கூடும். அதோடு கீழ் ஸ்ட்ராப்பை இறுக்கும்போது தாடை பின்னால் தள்ளப்படுகிறது. தாடையோடு நாக்கும் பின்னுக்குப் போகிறது. திறந்து வைக்க வேண்டிய தொண்டையை மாஸ்க்கே நெருக்கும். அதனால் மூக்கு மாஸ்க்கை விட ஃபுல் ஃபேஸில் சிலருக்குக் கூடுதல் அழுத்தம் தேவைப்படுகிறது.

மூக்கு வழி போதுமா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். வாயை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்து மூச்சு விடுங்கள். பிறகு மல்லாந்து படுத்து ஐந்து நிமிடம். சிரமமில்லை என்றால் மூக்கு மாஸ்க்கில் தொடங்கலாம். அடைக்கிறது என்றால் மாஸ்க் வாங்கும் முன் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள். அலர்ஜி, வளைந்த மூக்கு நடுச்சுவர், மூக்கினுள் சதை வளர்ச்சி என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். பலர் வாயால் மூச்சு விடுவது வெறும் பழக்கம் அல்ல, மூக்கு அடைத்திருப்பதால் வருவது. தொண்டை திறந்து மூக்கில் காற்று தடையில்லாமல் போகத் தொடங்கினால், ஓரிரு வாரத்தில் வாய் தானாக மூடிக்கொள்வதும் உண்டு. அதன் பிறகும் காலையில் நாக்கு காய்ந்து மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டால் அப்போது ஃபுல் ஃபேஸுக்குப் போகலாம். வாய் திறக்காமலிருக்கத் தலையோடு சேர்த்துக் கட்டும் தாடைப் பட்டி தாடையைத் தாங்குமே தவிர உதட்டை ஒட்டாது. வாயில் டேப் ஒட்டும் யோசனையை டாக்டரிடம் கேட்காமல் செய்யவே வேண்டாம்.

மீசை வைத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. அடர்ந்த மீசை மேல் நேசல் மாஸ்க்கின் கீழ் விளிம்பு படியாது. ஒவ்வொரு முடியும் காற்றுக்கு ஒரு வழி. மீசையை எடுக்க மனமில்லை என்றால் பில்லோ வகைதான் சரி. அது துவாரத்தின் வாயில் உட்காருவதால் மீசை குறுக்கே வராது. அழுத்தம் 12-க்கு மேல் போனால் மட்டும் பில்லோவில் காற்று மூக்குக்குள் பீறிடுவது சிலருக்கு எரிச்சலாக இருக்கும். மூக்குத்தி போட்டவர்கள் இரவில் கழற்றிவிடுவது நல்லது. திருகு உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் பில்லோவின் மெல்லிய ரப்பரைக் கிழிக்கும், வெளியே உள்ள கல் நேசல் மாஸ்க்கின் குஷனை, அதாவது முகத்தில் படியும் மெத்தைப் பகுதியை, தூக்கிவிடும்.

அளவு பார்க்கக் கம்பெனிகள் காகித அளவுகோல் தருகின்றன. வீட்டில் பிரின்ட் எடுத்தால் 100 சதவீத அளவில் எடுத்து, ஒரு ஸ்கேலை வைத்துச் சரிபார்த்த பிறகே முகத்தில் வையுங்கள். நேசலுக்கு மூக்கின் இரு மடல்களுக்கு இடைப்பட்ட அகலம்தான் கணக்கு. குஷன் மடல்களை நெருக்கக் கூடாது, கன்னத்திலும் ஏறக் கூடாது. ஃபுல் ஃபேஸுக்கு வாயைச் சற்றே திறந்து வைத்து, மூக்குத் தண்டிலிருந்து கீழுதட்டின் அடிப்பள்ளம் வரை அளக்க வேண்டும். நேசலிலும் ஃபுல் ஃபேஸிலும் இரண்டு அளவுக்கு நடுவே வந்தால் முதலில் சிறியதைப் போட்டுப் பாருங்கள். பெரியதை எடுத்தவர்கள்தான் கண்ணுக்குள் காற்று அடிக்கிறது என்று திரும்பி வருகிறார்கள்.

கடையில் நாற்காலியில் உட்கார்ந்து, மெஷின் இல்லாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்துப் பார்ப்பதில் பயனே இல்லை. படுத்தால் கன்னத்துச் சதை பக்கவாட்டில் இறங்குகிறது. பல் செட்டைக் கழற்றினால் மேலுதடு உள்வாங்குகிறது. இரவில் எந்த முகத்தோடு தூங்குவீர்களோ அந்த முகத்தோடு பார்க்க வேண்டும். முகத்தைச் சோப்பு போட்டுக் கழுவிக்கொள்ளுங்கள். எண்ணெய், பவுடர், க்ரீம் எதுவும் வேண்டாம். மெஷினில் உங்கள் அழுத்தத்தையே வைக்கச் சொல்லுங்கள். அழுத்தத்தைத் தேவைக்கேற்பத் தானே ஏற்றி இறக்கும் ஆட்டோ மெஷின் என்றால் தொடக்க அழுத்தமான 4-இல் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள், அதில் பெரும்பாலான மாஸ்க்குகள் கசியாது. ரெஸ்மெட் ஏர்சென்ஸ் 10-இல் இதற்கென்றே மாஸ்க் ஃபிட் என்ற வசதி இருக்கிறது. மல்லாந்து ஐந்து நிமிடம், இடப்பக்கம் ஐந்து, வலப்பக்கம் ஐந்து. படுக்கக் கட்டில் இல்லை என்று சொல்லும் கடையென்றால் வேறு கடை பாருங்கள், அல்லது மாஸ்க்குகளோடு வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

இனி ஸ்ட்ராப். பலரும் தோற்கும் இடம் இதுதான். குஷனைக் கையில் எடுத்து விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். பெரும்பாலான குஷன்களில் இரண்டு அடுக்கு சிலிக்கான் இருக்கும். உள்ளே தடித்த ஒரு சுவர், அதன் மேல் வெங்காயத் தோல் போல மெல்லிய ஒரு மடிப்பு. மெஷின் ஓடும்போது காற்று இந்த மடிப்புக்குள் புகுந்து அதை உப்ப வைக்கும். உப்பிய மடிப்புதான் முகத்தின் மேடு பள்ளத்துக்கு ஏற்ப ஒட்டிக்கொள்கிறது. ஸ்ட்ராப்பை இழுத்துக் கட்டினால் மடிப்பு நசுங்கி உள்சுவரோடு ஒட்டிச் சுருக்கம் விழும். அந்தச் சுருக்கத்தின் வழியே காற்று கசியும். கசிகிறதே என்று இன்னும் இறுக்குவோம். காலையில் மூக்குத் தண்டில் புண்ணும் கன்னத்தில் தடமும்தான் மிச்சம்.

செய்ய வேண்டியது நேர் எதிர். எல்லா ஸ்ட்ராப்பையும் தளர்த்திவிட்டு மாஸ்க்கைப் போட்டு மெஷினை ஓட விடுங்கள். படுத்த நிலையில் மாஸ்க்கை ஒரு விரல் கனம் முகத்திலிருந்து முன்னால் இழுத்து, மடிப்பு உப்பியதும் மெதுவாக முகத்தில் உட்கார வையுங்கள். பிறகு மேல் ஸ்ட்ராப் இரண்டையும் ஒரே அளவில், அதன் பின் கீழ் ஸ்ட்ராப் இரண்டையும், கசிவு நிற்கும் வரை மட்டும் இழுங்கள். ஸ்ட்ராப்புக்கு அடியில் ஒரு விரல் தாராளமாக நுழைய வேண்டும். எழுந்த அரை மணி நேரத்தில் மறையும் தடம் பரவாயில்லை. மதியம் வரை நிற்கும் சிவப்பு என்றால் இறுக்கம் அதிகம், அல்லது அளவு தவறு. பொருந்திவிட்ட பிறகு தினமும் வெல்க்ரோவைப் பிரிக்காமல் க்ளிப்பை மட்டும் கழற்றி மாட்டுங்கள், அளவு கலையாது.

கசிவு எங்கே என்பதே பாதிப் பதிலைச் சொல்லிவிடும். கண்ணில் காற்று பட்டால் மேல் ஸ்ட்ராப்பைப் பாருங்கள், அதிலும் தீராவிட்டால் குஷன் பெரியது. தாடைப் பக்கம் என்றால் கீழ் ஸ்ட்ராப், அல்லது தூக்கத்தில் வாய் அகலத் திறக்கிறது. ஒருக்களித்தால் மட்டும் கசிகிறது என்றால் தலையணைதான் மாஸ்க்கைத் தள்ளுகிறது, முகத்தைத் தலையணை ஓரத்துக்குக் கொண்டுவாருங்கள். புரண்டு புரண்டு படுப்பவர்களுக்கு உச்சந்தலையில் ட்யூப் மாட்டும் வகை நிம்மதி.

எல்லாக் காற்றும் கசிவு அல்ல. மாஸ்க்கின் முன்புறமோ, ட்யூப் வந்து சேரும் வளைவிலோ சிறு துளைகள் இருக்கும். நாம் விடும் கரியமில வாயு வெளியேற வேண்டிய வழி அது. பக்கத்தில் படுப்பவர் மேல் காற்று அடிக்கிறதென்று அதில் டேப் ஒட்டவே கூடாது. இதைவிட ஆபத்தானது ஒன்று: ஆஸ்பத்திரியில் இருந்தபோது போட்ட மாஸ்க்கை வீட்டுக்கு எடுத்துவந்து சிபாப்பில் மாட்டுவது. அங்கே வென்டிலேட்டருக்குப் பயன்படுவது துளையில்லாத மாஸ்க்காக இருக்கலாம். பெரும்பாலும் அதன் வளைவு நீல நிறத்தில் இருக்கும். ட்யூப் வாய் 22 மி.மீ. என்பதால் கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் விட்ட மூச்சையே திரும்ப இழுக்க வேண்டியிருக்கும். துளை இருக்கிறதா என்று கண்ணால் பார்க்காமல் எந்த மாஸ்க்கையும் போட வேண்டாம்.

மின்வெட்டு பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஃபுல் ஃபேஸ் மாஸ்க்கின் வளைவில் ஒரு சின்ன ரப்பர் மடல் இருக்கும். மெஷின் நின்றால் அது விழுந்து வெளிக்காற்றுக்கு வழி திறக்கும். கழுவும்போது அது கிழியாமல், ஒட்டிக்கொள்ளாமல் இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். இரவில் வாந்தி வரக்கூடியவர்களும், தானாக மாஸ்க்கைக் கழற்ற முடியாதவர்களும் டாக்டரிடம் பேசாமல் ஃபுல் ஃபேஸ் போடக் கூடாது.

சில மாஸ்க்குகளில் ஸ்ட்ராப் க்ளிப் காந்தம். வயதானவர்களுக்கும் கைவிரல் மடங்காதவர்களுக்கும் அது பெரிய உதவி. ஆனால் பேஸ்மேக்கர், காக்ளியர் இம்ப்ளான்ட் (காது கேட்க உள்ளே பொருத்தும் கருவி), மூளை இரத்தக் குழாயில் க்ளிப் போன்றவை உடலில் உள்ளவர்களுக்கு ஆகாது. ஃபிலிப்ஸ் 2022-இலும் ரெஸ்மெட் 2023-இலும் இதற்காகவே எச்சரிக்கை விட்டன. பக்கத்தில் படுப்பவருக்கு பேஸ்மேக்கர் இருந்தாலும் சாதாரண க்ளிப் உள்ளதையே வாங்குங்கள்.

முதல் வாரம் மாஸ்க்கை இரவில் மட்டும் போட்டுப் பழக முயல வேண்டாம். மாலையில் டிவி பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் மெஷினோடு போட்டுக்கொள்ளுங்கள். மூச்சு முட்டுகிற பயம் உள்ளவர்கள் முதலில் ஸ்ட்ராப் இல்லாமல் கையால் பிடித்துக்கொண்டு தொடங்கலாம். எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம் என்று கைக்குத் தெரிந்தாலே பாதி பயம் போய்விடும். மெஷினில் ராம்ப் இருந்தால் குறைந்த அழுத்தத்தில் தொடங்கி 20, 30 நிமிடத்தில் ஏறும்படி வைக்கலாம். ஒரே இரவில் மாஸ்க், மெஷின் காற்றில் சேர்க்கும் ஈரப்பதம், அழுத்தம் என்று எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாமலே போய்விடும்.

காலையில் திரையில் கசிவு எண் பாருங்கள். ரெஸ்மெட்டில் நிமிடத்துக்கு 24 லிட்டருக்குக் கீழே என்றால் சரி. அந்த எண் சரியாக வர, மெனுவில் மாஸ்க் வகையை மாற்றியிருக்க வேண்டும். பில்லோ போட்டுக்கொண்டு மெனுவில் ஃபுல் ஃபேஸ் என்று இருந்தால் கணக்கு தப்பும். துளை வழியே போகும் காற்றையும் சேர்த்து மொத்தமாகக் காட்டும் மெஷின்களும் உண்டு. அதனால் வேறு கம்பெனி மெஷினின் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிட வேண்டாம்.

ஏசி அறையில் ஈரப்பதத்தை ஏற்றி வைத்தால் ட்யூபில் நீர் கோத்து மூக்கில் சொட்டும். ட்யூபுக்குத் துணி உறை போடுங்கள் அல்லது ஈரப்பதத்தை ஒரு படி குறையுங்கள். மெஷின் தலை மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். பாயில் படுப்பவர்கள் மெஷினை ஸ்டூலில் வைத்தால், கோத்த நீரெல்லாம் ட்யூப் வழியே முகத்துக்குத்தான் இறங்கும். தரையிலேயே ஒரு மெல்லிய பலகை மேல் வைத்து, ஈரப்பதத்தைக் குறைத்தோ நிறுத்தியோ பயன்படுத்துங்கள். கொண்டை போடுகிறவர்கள் பின்னலைத் தளர்த்திப் பக்கவாட்டில் விட்டால் பின்தலைப் பட்டி நழுவாது. தலைக்கு எண்ணெய் வைக்கும் நாளில் பட்டி அதைக் குடித்துத் தொளதொளவென்று ஆகும். எண்ணெயைப் பகலில் வைத்து, மாலையில் குளித்துவிடுங்கள்.

குஷனைத் தினமும் மிதமான சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு கழுவி நிழலில் உலர்த்த வேண்டும், பட்டியை வாரம் ஒருமுறை. டெட்டால், ஸ்பிரிட், ப்ளீச் எல்லாம் சிலிக்கானைக் கெடுக்கும்.

நேற்று வரை பொருந்தியது இன்று கசிகிறது என்றால், ஸ்ட்ராப்பைத் தொடும் முன் குஷனை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மடிப்பு மஞ்சளித்து, விறைப்பிழந்து, ஓரத்தில் சின்னக் கீறல் விழுந்திருக்கும். முழு மாஸ்க் வாங்கத் தேவையில்லை, குஷன் மட்டும் தனியாகக் கிடைக்கும். அதனால்தான் முதல் தடவை வாங்கும்போதே கடைக்காரரிடம் கேட்க வேண்டியது: இந்த மாடலுக்குக் குஷன் தனியாக உங்களிடம் இருப்பு இருக்கிறதா, என்ன விலை, அளவு சரியில்லை என்றால் எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவீர்கள்? பதிலை பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.