பேஸ் தூக்கலான இயர்போனை எடைபோடுவது: டிப் முதல் ஜாக் வரை

ஒரே மாடலை மாட்டிப் பார்த்த ஒருவர் "சும்மா அதிருது" என்பார், இன்னொருவர் "பேஸே இல்லை" என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. இடையில் நிற்பது பெரும்பாலும் காதுக்குள் போகும் அந்தச் சின்ன சிலிக்கோன் டிப்தான். காதுத் துளைக்கும் டிப்புக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருந்தாலும் முதலில் கசிந்து போவது பேஸ் என்னும் தாழ்ந்த ஒலி. குரலும் ஜால்ராவும் அப்படியே கேட்பதால் கசிவு இருப்பதே தெரியாது; பழி இயர்போன் மேல் விழும்.

அதனால் பாட்டைத் தொடும் முன் அடைப்பைப் பார்த்துவிடுவேன். முதலில் போனில் ஈக்வலைசர், பேஸ் பூஸ்ட், டால்பி என்று ஒலியை மாற்றும் வசதிகள் எல்லாவற்றையும் அணைக்க வேண்டும். பிறகு ஒரே சுருதியில் ஒலி எழுப்பும் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்றில் 40 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 40 அதிர்வு) ஒலியைக் குறைந்த வால்யூமில் ஓடவிட்டு, இயர்போனை விரலால் லேசாக உள்ளே அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது ஒலி பெருகினால் டிப் சரியாக உட்காரவில்லை. ஆப் கையில் இல்லையென்றால் இரண்டையும் மாட்டிக்கொண்டு, வாயை மூடி "ம்ம்ம்" என்று இழுங்கள். அந்த ஒலி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் நன்றாக அடைந்திருக்கிறது, மற்றது கசிகிறது. இடது காதுக்கு நடுத்தர டிப், வலது காதுக்குப் பெரியது என்று வேறு வேறு அளவு தேவைப்படுவது சகஜம். உட்கார்ந்ததும் வாயை நான்கைந்து முறை அகலத் திறந்து மூடிப் பாருங்கள். தாடை அசைவில் பிடி விட்டுப்போகும் டிப், வடை கடிக்கும்போது பேஸைத் தொலைத்துவிடும்.

அடுத்தது வால்யூம். குறைந்த சத்தத்தில் நம் காது தாழ்ந்த ஒலியை அவ்வளவாக உணர்வதில்லை. 1933-லேயே பிளெட்சர், மன்சன் என்ற ஒலி ஆய்வாளர்கள் இருவரும் இதை அளந்து காட்டிவிட்டார்கள். ஆகவே இரண்டு இயர்போனை ஒப்பிடும்போது கொஞ்சம் சத்தமாக ஓடுவதே "நல்ல பேஸ்" ஆகத் தோன்றும். சத்தத்தைச் சமப்படுத்தும்போது பேஸை வைத்துச் சமப்படுத்தாதீர்கள், குரலை வைத்துச் செய்யுங்கள். ஒரே செய்தி வாசிப்பை இரண்டிலும் கேட்டு, குரல் ஒரே அளவாகத் தெரியும் வால்யூம் படியைக் குறித்துக்கொண்டால் போதும்.

இனி அதே டோன் ஆப்பில் ஒலியை 200 ஹெர்ட்ஸிலிருந்து 20 வரை மெதுவாக இறக்குங்கள். நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ். அதுவரை ஒலி திடமாக இருந்து, அதற்குக் கீழே காதில் அழுத்தமாக மாறினால் ட்ரைவர், அதாவது சவ்வை அசைத்து ஒலி எழுப்பும் பகுதி, தேறிவிட்டது. 30-இல் வழுவழுப்பான அழுத்தத்துக்குப் பதில் "ர்ர்ர்" என்ற இரைச்சல் வந்தால், கேட்பது 30 அல்ல; ட்ரைவர் திணறி உண்டாக்கும் 60, 90 ஹெர்ட்ஸ் மடங்குகள். பாட்டில் இது கனமான பேஸ் போலவே ஏமாற்றும். ஒரு பக்கம் மட்டும் கிரகிரத்தால் சவ்வில் தூசியோ மயிரோ ஒட்டியிருக்கலாம், இல்லை ட்ரைவர் சரியாகப் பொருந்தாமல் இருக்கலாம். அதைத் திருப்பி அனுப்பிவிடுவதே நல்லது.

பாட்டு என்று வந்தால் ஆங்கில டெமோ டிராக்கைவிட எனக்கு மிருதங்கத் தனி ஆவர்த்தனம்தான் உதவுகிறது. இடப்பக்கத் தோலான தொப்பியில் கை வழுக்கும்போது எழும் கும்கி என்ற ஒலி, சுருதி ஏறி வளைவது காதுக்குத் தெரிய வேண்டும். மோசமான இயர்போனில் அந்த வளைவு காணாமல் போய் எல்லாமே ஒரே "தொம்" ஆகிவிடும். அதே நொடியில் வலப்பக்கத் தோலான வலந்தலையில் விழும் சாப்பு என்ற அடி கணீரென்று தனியாகக் கேட்கிறதா என்றும் கவனியுங்கள். வேகத்துக்குத் தவில்: அடுத்தடுத்த அடிகளுக்கு நடுவே மௌனம் இருக்க வேண்டும், முந்தைய அடியின் வால் அடுத்ததை மூடக் கூடாது.

பேஸ் மிகுந்தவற்றில் நான் அதிகம் பார்க்கும் குறை அளவு அல்ல, 100 முதல் 250 ஹெர்ட்ஸ் வரை வீங்கியிருப்பது. ஆண் குரலின் அடித்தளம் அங்கேதான் உட்காருகிறது. பானைக்குள் தலையை விட்டுப் பேசுவது போல இருந்தால் காரணம் இதுதான். குரல் கேட்பதற்காக வால்யூமை ஏற்றுவோம், பேஸும் கூடவே ஏறும். வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பைத் தாண்டுவது இப்படித்தான்.

கேபிள் கழற்றும் வகையானால் ஒரு வேடிக்கை உண்டு. 0.78 மி.மீ. இரண்டு பின் பிளக்கை ஒரு பக்கம் மட்டும் திருப்பிச் செருகிவிட்டால் சவ்வுகள் எதிரெதிராக அசையும். நடுவில் நிற்க வேண்டிய குரல் தலையைச் சுற்றிப் பரவும், பேஸ் மெலியும். இரு காதிலும் ஒரே ஒலி வரும் மோனோ பேச்சு ஒன்றைப் போட்டால் உடனே பிடிபடும். பேஸ் போய்விட்டது என்று வரும் புகார்களில் இதையும் ஒருமுறை பாருங்கள்.

கட்டுமானத்தில் பளபளப்பைப் பார்ப்பதில் பயனில்லை. கூட்டின் மூட்டில் நகத்தை ஓட்டுங்கள்; நகம் மாட்டினால் பசை சரியாகப் பிடிக்கவில்லை, வியர்வை அங்கே இறங்கும். பிறகு மெல்லிய காற்றுத் துளைகள். முன்பக்கத் துளை அடைந்தால் பேஸ் கூடும், பின்பக்கத் துளை அடைந்தால் குறையும். பாட்டு ஓடும்போது ஒவ்வொன்றாக விரலால் மூடினால், எது எங்கே இருக்கிறது, இரண்டு காதிலும் மாற்றம் ஒரே அளவா என்பது தெரிந்துவிடும். மாட்டும்போது "கிளிக்" என்று சவ்வு நொடிக்கிறதா? காற்று வெளியேற வழி போதவில்லை. காதின் மேற்புறத்தை இழுத்துப் பிடித்து மெல்லச் செருகினால் குறையும். போனில் செருகும் ஜாக்கின் கழுத்தைச் சுற்றிலும் வளைத்துப் பார்க்கும்போது ஒலி விட்டுவிட்டு வந்தால் பேரம் பேச வேண்டாம், விட்டுவிடுங்கள்.

ட்ரைவரில் காந்தம் இருப்பதால் இரும்புத் தூள், ஒலி வெளிவரும் வாயில் உள்ள வலையில் போய் ஒட்டும். வெல்டிங், லேத் பட்டறைகளில் மேசை மேல் வைக்காதீர்கள். காதழுக்கு அந்த வலையை அடைத்தால் ஒரு பக்கச் சத்தம் குறையும். அதை ஊசியால் குத்தக் கூடாது, வலை கீழ்நோக்கி இருக்கப் பிடித்து உலர்ந்த பிரஷால் தட்டியெடுக்க வேண்டும்.

100 மணி நேரம் ஓடவிட்டால் பேஸ் திறக்கும் என்பவர்களுக்கு நான் காது கொடுப்பதில்லை. அந்த நூறு மணி நேரம் முடிவதற்குள் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிந்துவிடும். அதற்குப் பதில் வால்யூம் படியையும் டிப் அளவையும் ஒரு சீட்டில் எழுதி டப்பாவில் போட்டுவிட்டு, காது ஓய்ந்த மறுநாள் காலையில் அதே 40 ஹெர்ட்ஸ், அதே மிருதங்கம்.