ஏ படம், 16 வயது, தியேட்டர் வாசல்

2025 ஆகஸ்ட் 16, கிருஷ்ண ஜெயந்தி. சீடை வேலையெல்லாம் காலையிலேயே முடித்துவிட்டு மதியக் காட்சிக்கு 'கூலி' பார்க்கக் கிளம்பினோம். நான், என் மகன், என் தம்பி, எங்கள் அம்மா. படம் வந்து மூன்றாவது நாள். அம்மாவுக்கு 68 வயது. ரஜினி படம் என்றால் முதல் வாரத்திலேயே பார்த்தாக வேண்டும், அதுவும் பேரனோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும். 'பேட்ட'யில் இருந்து அது எங்கள் வீட்டு வழக்கமாகவே ஆகிவிட்டது.

மதுரையில் ஒரு மல்டிபிளெக்ஸ். தம்பி ஆப்பில் டிக்கெட் எடுத்திருந்தான். வாசலில் டிக்கெட்டை ஸ்கேன் செய்த பையனுக்கே 20, 22 வயதுதான் இருக்கும். என் மகனை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அக்கா, தம்பிக்கு ஆதார் இருக்கா?" என்று கேட்டான்.

"எதுக்குப்பா?"

"ஏ படம்க்கா. 18 ஆகலைன்னா விட முடியாது."

மகன் பிளஸ் ஒன் படிக்கிறான், 16 வயது. உயரத்தில் என் தம்பியைத் தாண்டிவிட்டான், மீசை அரும்பிவிட்டது. 18 முடிந்துவிட்டது, ஆதார் வீட்டில் இருக்கிறது என்று சொல்லியிருந்தால் ஒருவேளை விட்டிருப்பார்கள், தம்பி பிறகு அதைத்தான் சொன்னான். ஆனால் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவன் வயதையே மாற்றிப் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 16 என்றேன். அம்மா முன்னால் வந்து, "நான் இவனோட அம்மாச்சிப்பா, இவ அம்மா, இவன் தாய்மாமன். நாங்க மூணு பேரும் கூட இருக்கோம், எங்க பொறுப்புல பார்க்கட்டும்" என்றார். அந்தப் பையன் மரியாதையாகத்தான் சொன்னான்: "நீங்க பொறுப்பேத்துக்கிட்டாலும் முடியாதும்மா. எங்க வேலைக்கே பிரச்சினை ஆயிடும்."

பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. எல்லாரும் எங்களையே பார்க்கிறார்கள். மகன் ஒன்றும் பேசாமல் விலகிப்போய் பாப்கார்ன் கவுன்டர் பக்கம் நின்றுகொண்டு போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். நான்கு பேரும் திரும்பி வந்தோம். டிக்கெட் பணம் கிடைக்கவில்லை. ஆப்பில் இது ஏ படம் என்று எச்சரிக்கை வந்திருக்கிறது, தம்பி அதைப் படிக்காமலே சரி என்று அழுத்தியிருக்கிறான். அது எங்கள் தவறுதான். அந்தப் பையன் மேலும் எனக்குக் கோபம் இல்லை. 1952 ஒளிப்பதிவுச் சட்டப்படி ஏ சான்றிதழ் படத்தை 18 முடியாதவருக்குக் காட்டினால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மாதச் சம்பளத்துக்கு வாசலில் நிற்கிறவன் எங்களுக்காக அந்த ஆபத்தை ஏன் எடுக்க வேண்டும்?

என் மனதில் தங்கிப்போனது அவன் சொன்ன அந்த ஒரு வரி. நீங்கள் பொறுப்பேற்றாலும் முடியாது. வீட்டுக்கு வந்தபிறகு இந்தச் சட்டத்தைத் தேடித் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்கத்தான் இதில் எது சரியில்லை என்று எனக்குத் தெளிவானது.

2023-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதுவரை யுஏ என்றால் 12 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெற்றோர் வழிகாட்டலோடு பார்க்கலாம் என்று ஒரே பிரிவு. இப்போது அதை யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+ என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். நல்ல மாற்றம், எனக்குப் பிடித்தது. இந்த மூன்றும் பெற்றோருக்கான குறிப்புதான், பெற்றோரோ பாதுகாவலரோ தவிர வேறு யாரும் இதைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. அதாவது யுஏ 16+ போட்ட படத்துக்கு நான் 5 வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாலும் தியேட்டர்காரர் என்னைத் தடுக்க முடியாது, முடிவு முழுக்க என்னுடையது. அதற்கு அடுத்த படி ஏ. அங்கே என் பிள்ளைக்கு 17 வயது 11 மாதம் ஆகியிருந்தாலும், நான் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாலும், என் சொல்லுக்கு ஒரு மதிப்பும் கிடையாது. ஒரு படிக்கு இந்தப் பக்கம் எல்லாமே தாயின் முடிவு, அந்தப் பக்கம் தாய் என்று ஒருத்தி இருப்பதே கணக்கில் இல்லை. நடுவில் எதுவுமே இல்லை.

சின்னக் குழந்தைகளை உள்ளே விடச் சொல்லி நான் கேட்கவில்லை. அன்றைக்கு எங்களுக்கு முன்னால் 4 வயது இருக்கும் ஒரு பெண் குழந்தையோடு வந்த குடும்பத்தையும் திருப்பி அனுப்பினார்கள், அது சரி என்றுதான் அப்போதும் தோன்றியது, இப்போதும் தோன்றுகிறது. அரிவாளும் ரத்தமும் காது கிழிகிற சத்தமுமாக மூன்று மணி நேரம் ஓடுகிற படத்தில் ஒரு குழந்தை அப்பா மடியில் முகத்தைப் புதைத்து அழுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெற்றோர் கூட்டிக்கொண்டு போயிருக்கவே கூடாது. ஆனால் அந்த 4 வயதுக் குழந்தையும், அடுத்த வருஷம் பிளஸ் டூ எழுதப் போகிறவனும் ஒன்றா?

அமெரிக்காவில் ஆர் என்று ஒரு பிரிவு 1968-ல் இருந்து இருக்கிறது, 17 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெற்றோரோ பெரியவர் ஒருவரோ கூட இருந்தால் பார்க்கலாம். சிங்கப்பூரில் 16-க்கு ஒன்று, 18-க்கு ஒன்று, 21-க்கு ஒன்று என்று தனித்தனிப் பிரிவுகள். பிரிட்டனில் 15, 18 என்று இரண்டு, இரண்டுமே கண்டிப்பானவை, பெற்றோர் கூட வந்தாலும் விடமாட்டார்கள், ஆனால் 16 வயதுப் பிள்ளை பார்க்கக்கூடிய கடுமையான படங்களுக்கு அங்கே 15 என்று ஓர் இடமாவது இருக்கிறது. நம்மிடம் கண்டிப்பான கோடு ஒன்றே ஒன்று, 18. படுக்கையறைக் காட்சிக்கும் அதே ஏ, வெட்டுக்குத்துக்கும் அதே ஏ, 'சூப்பர் டீலக்ஸ்', 'வட சென்னை' மாதிரிப் படங்களுக்கும் அதே ஏ. இன்னும் பின்னால் போனால் 1951-ல் எம்ஜிஆர் நடித்த 'மர்மயோகி'க்குப் பேய் வருகிற காட்சிகளுக்காக ஏ கொடுத்தார்கள், தமிழில் முதல் ஏ படம் என்று அதைத்தான் சொல்வார்கள்.

நாமும் இந்தச் சான்றிதழ்களைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. அதற்கு ஒரு காரணம் வரி. தமிழ்நாட்டில் 2011-ல் இருந்து, ஜிஎஸ்டி வந்த 2017 வரை, கேளிக்கை வரி விலக்கு வேண்டுமென்றால் படத்துக்கு யு சான்றிதழ், அதாவது எல்லா வயதினரும் பார்க்கலாம் என்ற சான்றிதழ், இருக்க வேண்டும் என்று விதி. அதனால் எப்படியாவது யு வாங்குவதுதான் தயாரிப்பாளர்களின் கவலையாக இருந்தது. அந்த எழுத்து வரிக்கானது, நம் பிள்ளைகளுக்கானது இல்லை என்றே நாம் பழகிவிட்டோம். திடீரென்று ஒருநாள் ரஜினி படத்துக்கு ஏ, வாசலில் ஆதார் என்றதும் எல்லாருக்கும் அதிர்ச்சி. தயாரிப்பு நிறுவனமே யுஏ கேட்டு சென்னை உயர் நீதிமன்றம் போனது. காட்சிகளைக் குறைத்தால் யுஏ என்று சொன்னோம், அவர்கள்தான் ஏ போதும் என்று ஏற்றுக்கொண்டார்கள் என்றது தணிக்கை வாரியம். ஆகஸ்ட் கடைசியில் மனு தள்ளுபடி ஆனது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், வயதுக் கட்டுப்பாடு என்ற பெயர் வேறு எதற்கெல்லாம் பயன்படுகிறது என்பது. 2023 மார்ச்சில் சென்னையில் 'பத்து தல' வெளியான அன்று நரிக்குறவர் குடும்பம் ஒன்றைக் கையில் டிக்கெட் இருந்தும் உள்ளே விடவில்லை. வீடியோ பரவிய பிறகு தியேட்டர் தரப்பில் சொன்ன காரணம், படம் யுஏ, குழந்தைகளுக்கு 12 வயது ஆகவில்லை என்பது. யுஏ படத்துக்குப் பெற்றோரோடு வந்த குழந்தையைத் தடுக்கச் சட்டத்தில் இடமே இல்லை. அந்தக் குழந்தைகள் வாசலில் நின்ற காட்சியை நினைத்தால் எனக்கு இன்னும் நெஞ்சு கனக்கிறது. விதி என்ன என்று வாசலில் நிற்கிறவருக்கும் தெரியவில்லை, டிக்கெட் வாங்குகிறவருக்கும் தெரியவில்லை என்றால் அது ஏமாந்தவர்கள் மேல்தான் முதலில் விழும்.

சரி, என் மகன் கதைக்கு வருகிறேன். ஒன்பது நாள் கழித்து அவனே என்னிடம் சொன்னான், கூடப் படிக்கிற மூன்று பேரோடு ஊருக்கு வெளியே ஒரு பழைய தியேட்டரில் படம் பார்த்துவிட்டானாம். டியூஷன் என்று சொல்லிவிட்டுப் போன ஒரு சாயங்காலம். அங்கே யாரும் எதுவும் கேட்கவில்லை. பொய் சொன்னதற்குத் திட்டினேன். ஆனால் அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அம்மாவும் அம்மாச்சியும் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டிய படத்தை அவன் ஒளிந்து போய் விசில் சத்தத்துக்கு நடுவில் பார்த்திருக்கிறான். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களைக் காப்பதற்கான விதி அவன் பக்கத்தில் இருந்த பெரியவர்களை மட்டும் அப்புறப்படுத்திவிட்டது.

செப்டம்பர் 11-ல் படம் அமேசான் பிரைமில் வந்துவிட்டது. நான்கே வாரம். அம்மா சோபாவில், மகன் தரையில் அம்மாவின் காலடியில், ஊரில் எல்லா வீட்டிலும் பார்த்த மாதிரி நாங்களும் வீட்டு டிவியில் பார்த்தோம். பிணத்தை எரிக்கிற அந்த நாற்காலிக் காட்சியில் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மகன் படத்தை நிறுத்திவிட்டு, "அம்மாச்சி, தண்ணி வேணுமா?" என்று கேட்டான். அப்புறம் அவனாகவே பேச ஆரம்பித்தான். தியேட்டரில் இந்தக் காட்சிக்கு எல்லாரும் கத்தினார்களாம், அவனும் கத்தினானாம், இப்போது பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது என்றான். ஏன் என்று கேட்டேன். யோசித்து யோசித்துச் சொன்னான். முக்கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம், படம் அப்படியே நின்றிருந்தது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. யுஏ-வை மூன்றாகப் பிரிக்க முடிந்தவர்களால் ஏ-வையும் பிரிக்க முடியும். 16 முடிந்தவர்கள் பெற்றோரில் ஒருவர் கூட வந்தால் பார்க்கலாம் என்று ஒரு பிரிவு வேண்டும், பெரியவர்கள் மட்டும் என்று இன்னொன்று இருக்கட்டும். 16-க்குக் கீழே கண்டிப்பாகக் கூடாது என்று எல்லாத் தியேட்டரிலும், அந்த ஊருக்கு வெளியே இருக்கிற பழைய தியேட்டரிலும் சேர்த்துத்தான், ஒரே மாதிரி நடைமுறைப்படுத்தட்டும். அதுவரைக்கும் டிக்கெட் கவுன்டரிலும் ஆப்பிலும், எந்த வயது உள்ளே போகலாம், எந்த வயது கூடாது என்று தமிழில் பெரிய எழுத்தில் போடுங்கள், வாசலில் திருப்பி அனுப்பினால் அந்த டிக்கெட்டுக்குப் பணத்தைக் கொடுத்து அனுப்புங்கள்.

2027 மார்ச்சில் மகனுக்கு 18 முடிகிறது. அதற்குள் அம்மாவுக்கு 70 ஆகிவிடும். முழங்கால் வலி இப்போதே அதிகமாகிவிட்டது, தியேட்டர் படி ஏறுவதே சிரமம் என்கிறார்.