மகியார்கள் பாடம்: பின்னாலிருந்து படித்தால்தான் பிடிபடும்

இடைக்கால ஐரோப்பிய வரலாற்றுத் தாளுக்குத் தயாராகிறவர்கள் மகியார்கள் (இன்றைய ஹங்கேரியரின் முன்னோர்) பாடத்தை வழக்கமாக யூரல் மலையில் தொடங்குகிறார்கள், அங்கேயே மாட்டிக்கொள்கிறார்கள். 9-ஆம் நூற்றாண்டுக்கு முன்பு இவர்களைப் பற்றி உறுதியாகச் சொல்லும் எழுத்துச் சான்று கிடையாது. அந்தக் காலத்துக்கு மொழியும் புதைகுழியும்தான் சாட்சி. அதை முதல் நாளே படித்தால் ஊகம் எது, உண்மை எது என்று பிரிக்க முடியாது. ஆகவே தலைகீழாகப் போங்கள். ஆண்டு தெரிந்த படையெடுப்புகள் முதலில், குடியேற்றம் அடுத்து, கருங்கடலுக்கு வடக்கே புல்வெளி வாழ்க்கை அதற்கப்புறம், தோற்றம் கடைசியில்.

முதல் அமர்வுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கி, 862 முதல் 970 வரை ஒரே தாளில் ஒரு காலக்கோடு போடுங்கள். 862-இல் பிராங்கிய ஆண்டுக்குறிப்பில் 'உங்ரி' என்ற பெயர் முதன்முதலாக வருகிறது. 899-இல் இத்தாலியின் பிரெந்தா ஆற்றங்கரையில் அந்நாட்டு மன்னன் பெரெங்காரின் படை தோற்கிறது. 907-இல் பிரஸ்பர்க் (இன்றைய பிராட்டிஸ்லாவா) அருகே பவேரியப் படை அழிகிறது. 924-இல் பவியா நகரம் எரிகிறது, 926-இல் செயின்ட் காலன் மடாலயம் சூறையாடப்படுகிறது. 933-இல் ரியாதே தோல்வி, 942-இல் ஸ்பெயின் படையெடுப்பு, 955-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் அருகே லெக்ஃபெல்ட் தோல்வி, 970-இல் கிழக்கு ரோமப் பேரரசான பைசாந்தியத்திடம் அர்காடியோபொலிஸ் தோல்வி. தேர்வுக்கு இந்த ஒன்பதும் போதும்.

இதில் இரண்டு பொறிகள் உண்டு. லெக்ஃபெல்டில் நடந்த போர் ஒன்றல்ல, இரண்டு. 910-இல் அதே ஆக்ஸ்பர்க் வட்டாரத்தில் கிழக்குப் பிராங்கிய மன்னன் சிறுவன் லூயியின் படையை மகியார்கள் தோற்கடித்தார்கள். ஆண்டு போடாமல் 'லெக்ஃபெல்ட் போர்' என்று எழுதினால் விடை தொங்கும். அடுத்தது, '955-உடன் படையெடுப்புகள் முடிந்தன' என்ற வரி. முடிந்தது மேற்குத் திசை மட்டும்தான். தெற்கே பைசாந்தியத்தின் மீதான தாக்குதல்கள் 970 வரை நீண்டன.

படையெடுப்புகளை 'காட்டுமிராண்டிக் கொள்ளை' என்று எழுதும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு ஆண்டுக்கும் எதிரே 'அழைத்தவர் யார், பயனடைந்தவர் யார்' என்று ஒரு நெடுவரிசை சேர்த்தால் படமே மாறிவிடும். 892-இல் மொராவியாவைத் தாக்க கிழக்குப் பிராங்கிய மன்னன் ஆர்னுல்ஃப் இவர்களைச் சேர்த்துக்கொண்டான். 894-இல் பல்கேரியாவின் சிமியோனுக்கு எதிராகப் பைசாந்தியம் அழைத்தது. பிரெந்தாவில் தோற்ற அதே பெரெங்கார் பிறகு தன் எதிரிகளை அடக்க இவர்களையே பயன்படுத்தினான். 954-இல் ஜெர்மன் மன்னன் ஒட்டோவுக்கு எதிரான கிளர்ச்சியில் இவர்களோடு கைகோத்தவர்களில் ஒருவன் அவனுடைய மருமகன் சிவப்பு கொன்ராட். அடுத்த ஆண்டு லெக்ஃபெல்டில் அவன் ஒட்டோவின் பக்கம் நின்று, வெயில் தாங்காமல் தலைக்கவசத்தின் வாரைத் தளர்த்தியபோது தொண்டையில் அம்பு பட்டு இறந்தான்.

955-ஐ மட்டும் ஆற அமரப் படியுங்கள், பெருவினா பெரும்பாலும் அங்கேதான் வரும். ஆக்ஸ்பர்க்கை ஆயர் உல்ரிச் காத்து நின்றார். ஒட்டோவின் படையில் எட்டுப் பிரிவுகள்: பவேரியர் மூன்று, பிராங்கோனியர் ஒன்று, மன்னனின் சொந்தப் பிரிவு ஒன்று, ஸ்வாபியர் இரண்டு, பின்வரிசையில் மூட்டைமுடிச்சுகளோடு பொஹீமியர் ஒன்று. மகியார்களின் ஒரு பகுதி ஆற்றைக் கடந்து சுற்றிவந்து அந்தப் பின்வரிசையைச் சிதறடித்து, ஸ்வாபியரையும் குலைத்தது. கொன்ராட் திருப்பித் தாக்கியதும் நிலைமை மாறியது. தப்பி ஓடியவர்களில் பலர் வழியிலும் ஆற்றுத் துறைகளிலும் கொல்லப்பட்டனர். தலைவர்கள் புல்ச்சு, லேல், ஷூர் ஆகியோர் ரெகன்ஸ்பர்கில் தூக்கிலிடப்பட்டனர். தோல்விக்குக் காரணம் கேட்டால் 'ஜெர்மானியர் வீரம்' என்று முடிக்காதீர்கள். தொலைவிலிருந்து எய்து, விலகி, மீண்டும் வந்து எய்யும் போர்முறைக்கு நகர முற்றுகை பொருந்தாது. கவசக் குதிரைப்படையோடு நெருங்கிக் கைகலப்பதும் அப்படியே. மரம், கொம்பு, நரம்பு மூன்றையும் பசையால் ஒட்டிச் செய்த குறுவில் நெருக்கத்தில் தன் மேன்மையை இழந்துவிடும்.

ரியாதேயை இதோடு இணைத்துப் படிக்க வேண்டும். ஒட்டோவின் தந்தை முதலாம் ஹென்றி 926-இல் கப்பம் கட்டி ஒன்பது ஆண்டு அமைதியை வாங்கினான். அந்த இடைவெளியில் கோட்டைகள் கட்டிக் குதிரைப்படையைப் பழக்கினான். கெடு முடியுமுன்பே கப்பத்தை நிறுத்தி, 933-இல் வென்றான். 955-க்கான பாதை அங்கேயே போடப்பட்டுவிட்டது.

இனி பின்னோக்கி, குடியேற்றத்துக்கு. 895-ஆ 896-ஆ என்று குழம்ப வேண்டாம். 1880-களில் ஆயிரமாண்டு விழாவுக்குத் தேதி கேட்கப்பட்டபோது ஹங்கேரிய அறிவியல் கழகத்தாலேயே ஒரே ஆண்டைச் சொல்ல முடியவில்லை. விழா 1896-இல் நடந்ததற்கு ஏற்பாடுகள் தாமதமானதும் காரணம். 'ஏறத்தாழ 895' என்று எழுதுங்கள். ஆண்டைவிடக் காரணத்துக்குத்தான் மதிப்பெண்: சிமியோன் பெச்செனேகர் என்ற புல்வெளி நாடோடிகளைக் கூட்டுச் சேர்த்தான், அவர்கள் கருங்கடலுக்கு வடக்கே இருந்த மகியார்களின் எதெல்கொஸ் நிலத்தைத் தாக்கினார்கள், மகியார்கள் கார்பாத்திய மலையைத் தாண்டினார்கள்.

புல்வெளி உறவுகளுக்கு இரண்டு மூலங்களை விரல்நுனியில் வைத்திருங்கள். ஒன்று, பைசாந்தியப் பேரரசர் ஏழாம் கான்ஸ்டன்டைன் 950 வாக்கில் தொகுத்த ஆட்சிக் கையேடு, குறிப்பாக 38 முதல் 40 வரையான இயல்கள். ஏழு குலங்களின் பெயர்கள் (நியேக், மெஜெர், கூர்த்ஜர்மத், தரியான், யெனோ, கேர், கெஸி), புல்வெளிப் பேரரசை ஆண்ட கஸார்களிடமிருந்து பிரிந்து வந்து சேர்ந்த கபார்கள், கஸார் வழக்கப்படி ஆர்பாதைக் கேடயத்தில் உயர்த்தித் தலைவனாக்கியது எல்லாம் அதில்தான். கபார்கள் தங்கள் மொழியையும் மகியார்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள், போரில் முன்னணியில் நின்றார்கள் என்றும் அது சொல்கிறது. கஸார்களோடு 'மூன்று ஆண்டு' வாழ்ந்ததாக அதில் வரும் எண்ணை மட்டும் அப்படியே எடுத்து எழுதாதீர்கள். உறவு அதைவிட நீண்டது என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து.

மற்றொன்று, இப்னு ருஸ்தா, கர்தீஸி ஆகியோர் வழியாக வந்த இஸ்லாமியப் புவியியல் குறிப்பு. பெயரளவு மன்னன் கெந்தே, படையை நடத்துபவன் ஜுலா, 20,000 குதிரைவீரர், ஸ்லாவியரைப் பிடித்துக் கர்க் துறைமுகத்தில் பைசாந்தியரிடம் அடிமைகளாக விற்றது. கெந்தே–ஜுலா இரட்டைத் தலைமையைக் கஸார்களின் ககான்–பெக் முறையோடு (ககான் பெயரளவு அரசன், பெக் ஆட்சி நடத்துபவன்) ஒப்பிட்டு ஒரு வரி எழுதினால் விடைக்குக் கனம் கூடும். இங்கே பலர் சறுக்குவது இடத்தில். இந்தக் குறிப்பு கருங்கடலுக்கு வடக்கே இருந்த காலத்தைக் காட்டுகிறது, கார்பாத்திய வடிநிலத்தை அல்ல.

பெயர்களும் காலை வாரும். பைசாந்திய மூலத்தில் 'துருக்கியர்' என்றால் பெரும்பாலும் மகியார்கள். ஹங்கேரியின் புனித மகுடத்தின் கீழ்ப்பகுதியில் கிரேக்க எழுத்தில் ஹங்கேரிய மன்னன் கேசா 'துர்க்கியாவின் மன்னன்' என்றே இருக்கிறது. லத்தீன் மூலத்தில் இவர்கள் அவார், ஹூணர், சித்தியர் என்றெல்லாம் வருவார்கள். பிரூம் மடாலயத்தைச் சேர்ந்த ஆண்டுக்குறிப்பாளர் ரெகினோ தந்த வருணனையில் பெரும்பகுதி சித்தியர் பற்றிய பழைய நூலிலிருந்து எடுத்தது. அதை நேரில் கண்ட சாட்சியாகக் கொள்ளக் கூடாது. அட்டிலாவின் வாரிசுகள் என்ற கதையும் அப்படித்தான். ஹூணரும் ஹங்கேரியரும் ஒரே மக்கள் என்று விரிவாக எழுதிவைத்தவர் 1280-களின் கேசாய் சிமோன், குடியேற்றத்துக்கு ஏறக்குறைய நானூறு ஆண்டு பிந்தியவர். 'ஹங்கேரியரின் அம்புகளிலிருந்து காப்பாற்றும், ஆண்டவரே' என்ற பிரபலமான மன்றாட்டு வரியையும் மேற்கோள் குறியில் போடாதீர்கள். அக்காலத்தது என்று காட்டக்கூடியது மொதெனா நகரத்தார் தங்கள் புனிதர் ஜெமினியானோவிடம் வேண்டிய பாடல்.

தோற்றம் கடைசியில். மொழி யூராலியக் குடும்பத்தின் உக்ரியக் கிளை. நெருங்கிய உறவு மேற்குச் சைபீரியாவில் ஓப் ஆற்றுப் பக்கம் பேசப்படும் மன்சி, கந்தி. இரவல் சொற்கள் புல்வெளி உறவுகளின் பதிவேடு: ஆர்பா (பார்லி), பூஸா (கோதுமை), போர் (ஒயின்), ஒகொர் (எருது) துருக்கியம், ஹீத் (பாலம்) ஆலானியம் என்ற ஈரானிய வகை மொழி. எருதுக்குப் பொதுத் துருக்கிய வடிவம் ஒகுஸ். 'ஸ்' இருக்கவேண்டிய இடத்தில் 'ர்' வருவதால் இது பல்கர் வகைத் துருக்கியிலிருந்து வந்தது என்று காட்டலாம், இந்த ஒரு எடுத்துக்காட்டே போதும். நூறைக் குறிக்கும் 'ஸாஸ்' நம் 'சதம்' போல ஒலிப்பது தற்செயல் அல்ல, அது இந்தோ-ஈரானிய இரவல். 'அபா' என்றால் தந்தை என்பதை வைத்து அப்பா–தமிழ் உறவு பேசுவது வேறு சங்கதி. மழலைச் சொற்கள் எங்கும் ஒத்துப்போகும். கால்டுவெல் திராவிட மொழிகளைச் 'சித்தியக்' குடும்பத்தோடு இணைத்துப் பார்த்தார் என்பது மொழியியல் வரலாற்றுத் தாளுக்கு உரிய செய்தி, இந்த விடையில் அதற்கு இடமில்லை.

தொல்லியலுக்கு வோல்கா–காமா பகுதியின் போல்ஷியே திகானி இடுகாட்டையும் கார்பாத்திய வடிநிலத்தின் கரோஷ் இடுகாட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். குதிரையின் தலையையும் கால்களையும் மட்டும் வீரனோடு புதைக்கும் வழக்கத்தை விவரித்தால் போதும். ஆனால் புதைகுழி மொழி பேசாது. வளைவாளும் இடுப்புப் பையை அலங்கரித்த உலோகத் தகடும் கிடைத்ததாலேயே அங்கே புதைக்கப்பட்டவர் மகியார் மொழி பேசினார் என்று எழுதினால் திருத்துபவர் சிவப்பு மையை எடுப்பார். மரபணு முடிவுகளுக்கும் இதே கட்டுப்பாடு.

பதினைந்து மதிப்பெண் விடையில் தோற்றத்துக்கு ஒரு பத்தி, புல்வெளி உறவுகளுக்கு இரண்டு, படையெடுப்புகளுக்கு இரண்டு என்று ஒதுக்குங்கள். ஓப், காமா, வோல்கா, தோன், நீப்பர், தன்யூப், திஸா ஆறுகளோடு அரைப்பக்க வரைபடம் ஒன்றைப் பயிற்சியிலேயே ஐந்து நிமிடத்துக்குள் போடப் பழகுங்கள். மகியார்களின் பழைய புல்வெளி நிலங்களான லெவேதியாவையும் எதெல்கொஸையும் அதில் கோடு கிழித்து அடைக்காமல் நிழலிட்டுக் காட்டுங்கள், அவற்றின் எல்லை இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது.